கீமோ, கதிர்வீச்சு நேரத்தில் மூலிகை எடுப்பவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும்போது வரும் குமட்டலுக்கு இஞ்சி உதவக்கூடும். நாளொன்றுக்கு அரை முதல் 1 கிராம் சுக்குப்பொடி, கீமோவுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். வாந்தி மாத்திரையோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம்.

கதிர்வீச்சில் தோல் சிவந்து எரிந்தால் காலெண்டுலா (சாமந்தி போன்ற ஒரு பூ) களிம்பை, அன்றைய அமர்வு முடிந்தபின் மெல்லியதாகத் தடவலாம். தோல் உரிந்து நீர் வடிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரிய கவலை மஞ்சள் கேப்ஸ்யூல்தான். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, கேப்ஸ்யூலில் உள்ள செறிவூட்டிய குர்குமின் (மஞ்சளின் சத்து) வேறு. அதிலும் மிளகுச் சத்து சேர்த்தது, டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை) எடுப்பவரின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைக் குறைக்கிறது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் முழுப்பலன் கிடைக்காமல் போகலாம். வெளியே ஒன்றும் தெரியாது.

ஹோமியோபதி உருண்டை கட்டியைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், ப்ளீஸ்.