எலிக்கு அப்புறம் செங்கல்பட்டு

காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் பி.சி.ஜி. கிருமியோடு வேலை செய்ய வருபவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஆய்வகங்களில் சகஜமான ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். பி.சி.ஜி.க்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். மின்சாரம் பாய்ச்சி புது மரபணுவை உள்ளே அனுப்பி, கிருமி வளர்க்கும் பிளேட்டில் பரப்பி வைத்தால், சொரசொரப்பான வெளிர்மஞ்சள் காலனி (கிருமிகள் பெருகி உண்டாகும் திட்டு) கண்ணில் பட மூன்று வாரம் ஆகிவிடும்.

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் விளக்குவது, பி.சி.ஜி.யின் மரபணுக்களை மாற்றிச் செய்த வி.பி.எம்.1002 தடுப்பூசியைத்தான். பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்டெஃபான் காஃப்மன் குழு உருவாக்கியது. பிறகு புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தது. நம் விழுங்கு செல்கள் பி.சி.ஜி.யை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கின்றன. கிருமி அங்கேயே தங்கிவிடுவதால், கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் சி.டி.8 என்ற எதிர்ப்புச் செல்களுக்கு அதன் புரதங்கள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. லிஸ்டீரியா கிருமியிடம் அந்தப் பையைத் துளைக்கும் லிஸ்டீரியோலைசின் என்ற புரதம் இருக்கிறது. அதன் மரபணுவை பி.சி.ஜி.யில் சேர்த்தார்கள். ஆனால் அது அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும், பி.சி.ஜி.யோ யூரியேஸ் நொதியால் அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துவிடும். அதனால் யூரியேஸ் மரபணுவையும் நீக்கினார்கள். பையை விட்டு வெளியே வந்தால் அமிலம் இல்லை, துளைக்கும் வேகமும் அடங்கிவிடும். செல்லுக்குப் பெரிய சேதமில்லை. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

சரி, எலியில் நன்றாக வேலை செய்கிறது. அப்புறம்? 1968-ல் செங்கல்பட்டு பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து காப்பதால்தான் பிறந்ததும் அதைப் போடுகிறோம். செங்கல்பட்டில் அது ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இதே இனக் கிருமிகளுக்கு அங்குள்ளவர்களின் உடம்பு முன்பே பழகியிருந்தது.

நம் ஊர் மக்களுக்கான ஊசியை, எந்தக் கிருமியையும் பார்த்திராத சுத்தமான எலியில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது. அதனால் மாணவர்கள் எலியில் ஊசி பலித்ததைக் காட்டும் நல்ல கிராஃபோடு வரும்போது, முதலில் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் அந்த இனத்தைச் சேர்ந்த எம். ஏவியம் கிருமிக்குப் பழக்கிய எலிகளிலும் ஊசியைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஆய்வு பல மாதம் நீளும், பிஎச்.டி. தள்ளிப்போகிறதே என்று அவர்கள் வருந்துவது நியாயம்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.