மணிக்கட்டை இறுக்காத பின்னல்

நோர்வேயின் வடக்கே திரொம்சோவில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. அந்த இருட்டிலும் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் வெளியே பனியில்தான் விளையாடுவார்கள். கையுறைக்கும் மேற்சட்டைக் கைக்கும் இடையே தெரியும் விரலகல மணிக்கட்டு வழியாகவே பனி உள்ளே போகிறது என்பது இங்கு குடியேறும் தாய்மாருக்கு முதல் குளிர்காலத்திலேயே விளங்கிவிடும். கம்பளி என்றால் நுவரெலியாச் சுற்றுலாவுக்கு மட்டும் என்றிருந்த யாழ்ப்பாணத்தாள் நான் பின்னல் ஊசியைத் தொட்டது அந்த மணிக்கட்டுக்காகத்தான்.

புதிதாகப் பழக வருபவர்களின் கண், நோர்வேயின் செல்பு என்ற ஊரின் பெயர்பெற்ற கையுறைகளில் இருக்கும் எட்டிதழ்ப் பூவின் மேல்தான் முதலில் போகும். அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் இரு நிற நூல்களை ஒன்றாக ஓட்டிப் பின்னும் அந்த வேலை அவ்வளவாக இழுபடாது. பெருவிரல் தாண்டும்போது விரிந்து, மணிக்கட்டுக்கு வந்ததும் ஒடுங்கிப் பிடிக்க வேண்டியது, ஒருவரும் பாராட்டாத அந்த விளிம்புப் பட்டிதான். ஆகவே அதையே முதலில் பழக வேண்டும் என்பேன்.

பின்னலின் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடுவது நேர்க்கண்ணி. முன்னால் வைத்துப் போடுவது மறுகண்ணி. முன்னது கீழ்நோக்கிக் கூராகச் சேரும் இரு கால்களாகவும், பின்னது குறுக்கே கிடக்கும் சிறு புடைப்பாகவும் தெரியும். பட்டிக்கு இரண்டு நேர், இரண்டு மறு என்று மாறிமாறிப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் நேரின் மேல் நேரும் மறுவின் மேல் மறுவும் வரச் செய்தால், நேர் வரிகள் முன்னே தள்ளிக்கொண்டும் மறு வரிகள் பின்னே ஒதுங்கியும் நிற்கும்; அதனால் துணி ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல இழுத்தால் விரிந்து, விட்டால் தானாக ஒடுங்கும். நேர்க்கண்ணி மட்டுமே முகப்பில் தெரியும் பின்னலைப் போல இதன் ஓரம் சுருளவும் மாட்டாது.

கண்ணிகளின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். சிறு பிள்ளையின் கைக்கு நடுத்தரத் தடிப்புள்ள நூலில் 32 கண்ணிகள் பெரும்பாலும் போதும். நான்கு ஊசிகளில் எட்டெட்டாகப் பிரித்து ஐந்தாவதால் பின்னலாம். உள்ளங்கைப் பகுதிக்கு 3.5 மில்லிமீற்றர் ஊசி என்றால் பட்டிக்கு 3 மில்லிமீற்றர் ஊசியே நல்லது. தொடக்க வரிசையை மட்டும் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துத் தளர்வாகப் போட வேண்டும், ஏனெனில் அந்த ஒரு வரிசை இறுகினால் மேலே எவ்வளவு இழுபட்டாலும் கை உள்ளே போகாது. நேரிலிருந்து மறுவுக்கு மாறும்போது நூல் இரு ஊசிகளின் நடுவால் முன்னே வர வேண்டும். ஊசியின் மேலால் வந்தால் ஒரு கண்ணி கூடி, வரிகள் இடம் மாறிவிடும்.

மலிவென்று பருத்தி நூல் வாங்க வேண்டாம். அது விரியும், ஆனால் கம்பளியைப் போல மீண்டு ஒடுங்காது. பட்டி கைக்குப் பழகியபின், ஒன்றுவிட்ட கண்ணிகளை முந்தைய வரிசைக்குள் குத்திப் போடும் மீனவர் பின்னலுக்குப் போகலாம். அது இன்னும் தடிப்பாக, இன்னும் நன்றாக இழுபடும். நூல்தான் கூடப் பிடிக்கும்.