வேறு ஊரில் வாடகைக்கு விட வீடு வாங்கும் முன்

வாடகையை வீட்டு விலையால் வகுத்து, சதவீதம் அதிகம் வரும் ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வீட்டின் விலை 100, ஆண்டு வாடகை 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 0.5 போகும். பழுதுபார்ப்புக்கு 1, வரிக்கும் காப்பீட்டுக்கும் 0.5, வெளியூர் என்பதால் பராமரிப்பவருக்கு இன்னொரு 0.5. மிஞ்சுவது 3.5. கடன் வட்டி அதைவிடக் கூடுதலென்றால், மாதாமாதம் கைக்காசுதான் கரையும்.

விலை மலிவான ஊரில் சதவீதம் பெரிதாகத் தெரியும். அந்த ஊர் ஒரே ஆலையையோ ஒரே கல்லூரியையோ நம்பியிருந்தால் எனக்குப் பயம்தான். அது மூடினால் குடியிருப்பவர்கள் ஒன்றாகக் கிளம்புவார்கள், வாடகையும் விலையும் சேர்ந்தே சரியும்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் வாடகை. கிடைக்கும் வாடகை அல்ல. 3 தரகர்களிடம் வாங்குபவராக அல்லாமல், குடிவருபவராக விசாரியுங்கள். ஒரே விளம்பரம் 6 வாரமாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள்.

வீடு காலியானதும் பிரதான தண்ணீர் வால்வை மூடச் சொல்லுங்கள். ஆளில்லாத வீட்டில் ஒரு சின்னக் கசிவு கீழ்வீட்டுக் கூரையையும் கெடுத்துவிடும்.