நீரில் இறங்கும் முதல் நிமிடம்: ஸ்கூபா அடிப்படைப் பயிற்சிக்குச் செல்வோருக்கு என் அனுபவம்

காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபாவில், ஓப்பன் வாட்டர் டைவர் என்ற அடிப்படைச் சான்றிதழுக்கான பயிற்சியை நான் இரண்டு முறை தொடங்கினேன். முதல் முறை ஒரே நாளில் கைவிட்டேன். மறு ஆண்டு வேறொரு மையத்தில் சேர்ந்து நான்கு நாட்களில் முடித்தேன். இரண்டும் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், அதாவது 2018 முதல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறிய தீவில் நடந்தவை. இரு பயிற்சிகளுக்கும் இடையிலான வேறுபாடு நீரில் இறங்கும் கட்டத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதல் மையத்தில் கரையோரம் அரை மணி நேரம் பழக்கிவிட்டு, மதியமே படகில் ஏற்றினார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி விளிம்பில் உட்காரவைத்து, பின்னால் சாயச் சொன்னார் பயிற்றுநர். மாஸ்க்கையும், வாயில் வைத்துச் சிலிண்டர் காற்றை இழுக்கும் ரெகுலேட்டரையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையோ, பிசிடி எனப்படும் மிதவைச் சட்டையில் முன்பே சிறிது காற்று நிரப்ப வேண்டும் என்பதையோ எவரும் சொல்லவில்லை. விழுந்த வேகத்தில் மாஸ்க் கழன்று மூக்கில் நீர் ஏறியது. இடுப்பிலிருந்த ஈய எடைகள் என்னைக் கீழே இழுத்தன. பயிற்றுநர் சிலிண்டரைப் பிடித்து மேலே தூக்க எடுத்துக்கொண்டது சில வினாடிகள்தான் என்றாலும், அன்று நான் மறுபடி இறங்கவில்லை. என் பயம்தான் காரணம் என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மையத்தில் முதலில் மருத்துவக் கேள்வித்தாளை வரிவரியாகப் படித்து நிரப்பவைத்தார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு போன்றவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் நீரில் இறக்க மாட்டோம் என்றார்கள். பிறகு 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிடம் மிதத்தலும். இதற்கு வேகம் தேவையில்லை, நிதானமே போதும்.

அடுத்து வந்த கருவிச் சோதனையை எந்தப் பயிற்சியாளரும் அவசரப்படுத்தக் கூடாது. மிதவைச் சட்டை, எடைகள், கொக்கிகள், காற்று, கடைசியாக முழுப் பார்வை என்ற வரிசையில் இருவர் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். இவற்றில் காற்றுச் சோதனை எனக்குப் புதிய பாடம். ரெகுலேட்டரில் நான்கைந்து முறை மூச்சை இழுத்தபடி அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் சிலிண்டரின் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. அந்த நிலையில் கரையில் மூச்சு தாராளமாகவே வரும். அழுத்தம் கூடிய ஆழத்தில்தான் காற்று போதாமல் போகும் என்பதால், கரையில் இதைப் பார்க்கத் தவறுவது பேராபத்து.

இறங்கும் முறைகளை எளியதிலிருந்து கடினமானதற்கு என்ற வரிசையில் கற்பித்தார்கள். கரையிலிருந்து நடந்து இறங்கும்போது மணலில் புதைந்திருக்கும் திருக்கை மீன்கள் விலகிச் செல்லும்படி பாதங்களைத் தேய்த்து நடக்க வேண்டும். ஃபின்ஸ் எனப்படும் துடுப்புக் காலணிகளை அணிந்த பிறகு முன்னோக்கி நடக்காமல் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகர வேண்டும். உயரமான மேடையிலிருந்து பெரிய எட்டு வைத்து இறங்கும்போது, முதலில் கீழே ஆழம் போதுமா, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, பிறகு பார்வையைத் தொடுவானத்தில் நிறுத்தி, குதிக்காமல் ஓர் அடி மட்டும் எடுத்து வைக்க வேண்டும். குனிந்தபடியே இறங்கினால் நீர் முகத்தில் அறைந்து மாஸ்க்கைப் பறித்துவிடும். என்னை அச்சுறுத்திய பின்சாய்வு கடைசியில் வந்தது. தாடையை மார்போடு ஒட்டி, மாஸ்க்கைப் பிடித்து, பின்னால் இடம் காலியாக இருப்பதைப் படகிலுள்ளவர் உறுதி செய்த பின் சாய வேண்டும். பலர் இருந்தால் எண்ணிக்கை சொல்லி அனைவரும் ஒரே நேரத்தில் சாய வேண்டும். தவறவிட்டவர் பின்தொடர்ந்து சாயாமல் காத்திருக்க வேண்டும், இல்லையெனில் அவருடைய சிலிண்டர் கீழே இருப்பவரின் தலையில் விழக்கூடும். மேலே வந்ததும் 'நலம்' என்ற சைகையைக் காட்டும்வரை பயிற்றுநரின் கண்கள் என்னை விட்டு அகலவில்லை. மூன்றாவது முறை சாய்ந்தபோது பயம் போய்விட்டது.

மூச்சை அடக்கக் கூடாது என்ற விதியையும் அவர் காரணத்தோடு விளக்கினார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே நிறைத்த நுரையீரலோடு மூச்சை அடக்கி மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழிக்கும். காரணம் தெரிந்த விதியைப் பதற்றத்திலும் மறப்பதில்லை. நான் எழுதிய தேர்வில் 50 கேள்விகளுக்கு 75 விழுக்காடு தேவைப்பட்டது. அது கடினமானதல்ல, ஆனால் தவறிய ஒவ்வொரு கேள்வியையும் உட்காரவைத்து விளக்கினார்கள்.

பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டு அறியுங்கள். கடற்பயிற்சியில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? PADI என்ற பன்னாட்டு டைவிங் பயிற்சி அமைப்பின் உச்சவரம்பு எட்டு. நான் நான்குக்கு மேல் ஏற்க மாட்டேன். ஒரு திறன் கைவராவிட்டால் கூடுதல் நாள் தருவார்களா? நான்கு கடல் டைவ்களும் குறைந்தது இரண்டு நாட்களில் பிரித்து நடத்தப்படுகின்றனவா? பயிற்றுநரின் உறுப்பினர் எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருகிறார்களா? ஒரே நாளில் சான்றிதழ் என்று சொல்லும் இடத்தை விட்டு உடனே வெளியேறுங்கள்.

ஊர் திரும்பும் விமானத்தையும் முன்பே கணக்கில் கொள்ளுங்கள். பல டைவ்கள் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பதால், பயிற்சி முடிந்த மறுநாள் காலை விமானத்திற்கு நான் வாங்கியிருந்த சீட்டை ஒரு நாள் தள்ளிப் போட வேண்டியிருந்தது.