குற்றியலுகரத்தை இடம் மாற்றிப் போடுங்கள்

கிளையன்ட்டுடன் ஆங்கிலத்தில் பேசும் போன் காலில் மறுமுனையில் இருப்பவர் இரண்டு முறை "சாரி?" என்று கேட்டுவிட்டால், நம்மவர்கள் பலரும் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு அசையையும் அழுத்திச் சொல்லத் தொடங்குவார்கள். அப்போதுதான் இன்னும் புரியாமல் போகும். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசைதான் ஓங்கி நிற்கும், மற்றவை மங்கும். எல்லாமே ஓங்கினால் அது எந்தச் சொல் என்றே கேட்பவருக்குப் பிடிபடாது.

பெங்களூர் ஐ.டி. அலுவலகங்களில் தினமும் புழங்கும் 'பாராமீட்டர்' என்ற சொல்லையே பாருங்கள். ப‑ரா‑மி‑டர் என்பதில் 'ரா'வில்தான் அழுத்தம். நாம் 'பாரா'வை ஓங்கி, 'மீட்டரை' நீட்டுகிறோம். கேட்பவர் காதில் இரண்டு சொற்கள் விழுகின்றன. டெவலப்பில் 'வெ', ஈவென்ட்டில் 'வென்', ஹோட்டலில் 'டெல்', காம்பொனென்ட்டில் 'பொ'. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் முன்னால் அழுத்தம், வினையானால் பின்னால். அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பார்த்தால், அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும்.

மங்கும் அசையை எப்படிச் சொல்வது? 'நாடு', 'பாக்கு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவியாது, தாடை அசையாது, அரை மாத்திரையில் முடிந்துவிடும். அதுதான் குற்றியலுகரம். ஆங்கிலத்தின் மங்கல் ஒலி அச்சாக இதே ஒலி இல்லை. ஆனால் அந்தக் குறுக்கமும் தளர்வும் இதேதான். பாராமீட்டரின் முதல் அசையிலும் கடைசி அசையிலும் அதை வையுங்கள்.

நாமோ அதைச் சொல்லின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டுகிறோம்: பஸ்ஸு, புக்கு, செக்கு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் வரும் பழக்கம் இது. 'புக்' என்று சொன்னதும் பின்நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடியே ஒரு விநாடி நிறுத்துங்கள். உகரம் நுழைய வழி இருக்காது.

இரட்டிப்பும் இதைப் போன்றதே. உயிர்களுக்கு நடுவே ஒற்றைப் பகரம் தமிழில் மெலிந்துவிடும். வன்மையைக் காக்க 'ஹாப்பி' என்று இரட்டிக்கிறோம். ஆங்கில எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒலி ஒன்றுதான். உதட்டை ஒட்டியதும் உடனே திறந்துவிடுங்கள்.

வன்மை மென்மை வேறுபாட்டில் பெங்களூர்த் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. மைசூர் ரோடு ஆஞ்சநேயர் கோயிலின் பெயரில் வரும் 'காளி' கன்னடத்தில் காற்று. அதன் ககரத்தைத் 'தங்கம்' என்பதில் வருவதுபோல் சொல்ல வேண்டும். வன்மையாகச் சொன்னால் காளியம்மன் ஆகிவிடும். கன்னடம் பழகிய காதுக்கு இது தெரியும். ஆங்கிலத்துக்கு இன்னொன்றும் வேண்டும்: சொல்லின் முதலில் வரும் வன்மையான ப, ட, க ஒலிகளோடு காற்றும் வெளியேற வேண்டும். உதட்டுக்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பென்', 'பார்க்' என்று சொல்லுங்கள். காகிதம் துள்ள வேண்டும். மென்மையான பகரத்தில் தொடங்கும் 'பஸ்' (bus), 'பாய்' (boy) என்னும்போது துள்ளக் கூடாது. காற்று வராவிட்டால் வன்மையான பகரத்தை மறுமுனையில் இருப்பவர்கள் மென்மையானதாகவே கேட்பார்கள். 'ஸ்பின்', 'ஸ்டாப்' போல ஸகரத்துக்குப் பின் வந்தால் காற்று வேண்டாம்.

பயிற்சிக்குத் தினமும் 10 நிமிடம் போதும். நாளைய மீட்டிங்கில் வரப்போகும் 5 சொற்களை எடுத்து அழுத்தக் குறியைப் பாருங்கள். ஒரு ரப்பர் பேண்டை இரு கட்டைவிரல்களுக்கு இடையே மாட்டி, ஓங்கும் அசையில் மட்டும் இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் 10 முறை சொல்லுங்கள். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போகும்போது சத்தமில்லாமல் தொடையில் விரலால் தட்டிக்கூடச் செய்யலாம். பிறகு அந்தச் சொற்களை வைத்து 30 விநாடி பேசி போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது எல்லாப் பிழையையும் தேட வேண்டாம். முதல் வாரம் அழுத்தத்தை மட்டும், அடுத்த வாரம் சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.