மூன்றாண்டுத் தலைமையும் ஐந்தாண்டுத் திட்டமும்

2025 ஜூன் 3, செவ்வாய்

எமது பல்கலைக்கழகத்தின் அடுத்த ஐந்தாண்டு மூலோபாயத் திட்டத்தை வரையும் குழுவில் துறைத்தலைவர்கள் சார்பாக என்னையும் சேர்த்திருப்பதாகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்று கடிதம் வந்தது. வேலை முடியும்வரை அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதி வரலாம் என்று நினைக்கிறேன். கூட்டங்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும். வீட்டுக்கு வந்து தமிழில் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு விடயம் தெளிகிறது. நிறுவனத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதப்போவதில்லை.

கடிதத்தோடு, இந்த ஆண்டுடன் முடிவடையும் திட்டத்தின் பிரதியையும் அனுப்பியிருந்தார்கள். தொலைநோக்கு, பணிக்கூற்று, விழுமியங்கள், இலக்குகள், செயலாற்றுகைச் சுட்டிகள் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. எமது பெயரை அழித்துவிட்டு நாட்டின் வேறெந்த அரச பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினாலும் பெரும்பாலான பக்கங்கள் அப்படியே பொருந்தும். திறைசேரி கேட்கும், கணக்காய்வாளர் நாயகத்தின் திணைக்களம் கேட்கும், அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் பாராளுமன்றக் கோப் குழு அழைத்தால் அங்கும் கேட்பார்கள் என்பதற்காக எழுதப்பட்ட ஆவணம் அது. கேட்பவருக்குக் காட்டுவதற்கு எழுதிய திட்டத்தை வைத்து ஒரு பீடத்தை நடத்த முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜூன் 6, வெள்ளி

முதற் கூட்டம். தொலைநோக்கு வாசகத்தில் ‘உலகத்தரம்’ என்ற சொல் இருக்கவேண்டுமா என்பதிலேயே காலைப்பொழுது கழிந்தது. நான் பேசாமல் இருந்து, எமது கையில் உண்மையாகவே என்ன அதிகாரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் தன் முதற்பட்ட மாணவரைத் தானே தெரிவு செய்வதில்லை. வோர்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி அடிப்படையில், அதிலும் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து, மாணவரை அனுப்புகிறது. முதற்பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் கிடையாது. அதை மாற்றவேண்டும் என்று சொல்பவன் நானல்லன். புதிய விரிவுரையாளர் பதவி ஒன்றுக்கு ஆளணி அனுமதி வெளியிலிருந்து வரவேண்டும். கட்டடத்துக்கான மூலதனப் பணம் திறைசேரியிலிருந்து வரும், சில ஆண்டுகளில் வராமலும் போகும். பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவையில் வெளியிலிருந்து நியமிக்கப்படும் உறுப்பினரே பெரும்பான்மையினர். உபவேந்தரோ, பேரவை முன்மொழியும் மூவரில் ஒருவராக, ஆணைக்குழுவின் பரிந்துரையுடன் சனாதிபதியால் மூன்று ஆண்டுகளுக்கு நியமிக்கப்படுபவர்.

மாணவர், ஆளணி, பணம், தலைவர் ஆகிய நான்கையும் வெளியார் தீர்மானிக்கும் இடத்தில் மூலோபாயம் என்பதற்கு என்ன பொருள்? உயர்கல்வி முகாமைத்துவ வகுப்புகளில் பேர்ட்டன் கிளார்க்கை எல்லோரும் படிப்பிக்கிறார்கள். வோரிக், ஸ்ட்ராத்கிளைட், ட்வென்டே, சால்மர்ஸ், யோயென்சூ ஆகிய ஐந்து ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து, வலுவான வழிநடத்தும் மையம், பலவழி வருமானம், ஊக்கம்பெற்ற கல்வித்துறைகள் முதலான ஐந்து கூறுகளை 1998இல் அவர் முன்வைத்தார். நல்ல ஆய்வுதான். ஆனால் அவை தம் நிதியையும் பணியாளரையும் ஓரளவுக்கேனும் தாமே நகர்த்த முடிந்த நிறுவனங்கள். அந்த ஐந்து கூறுகளையும் எமது திட்டத்தில் தலைப்புகளாக ஒட்டிவிடலாம் என்று இன்று ஒருவர் சொன்னபோது பலரும் தலையசைத்தார்கள். ஒட்டலாம், பிடிக்காது.

தாளின் மறுபக்கத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல் நாமே தீர்மானிக்கக்கூடியவற்றை எழுதினேன்: நேரசூசி, முதலாம் ஆண்டு மாணவருக்கு யார் விரிவுரை எடுப்பது, எந்தப் பாடத்தை நிறுத்துவது, வெற்றிடமாகும் பதவியை எந்தத் துறைக்கு முதலில் நிரப்பக் கேட்பது, பரீட்சைப் பெறுபேற்றை எத்தனை வாரத்தில் வெளியிடுவது. சிறிய பட்டியல்தான். ஆனால் மாணவனின் நான்கு ஆண்டுகளும் ஏறக்குறைய இதற்குள்ளேதான் கழிகின்றன.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறை. வெள்ளவத்தையில் கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. பழைய வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியை முழுமையான பல்கலைக்கழகமாக்குவதா, ஆக்கினால் அது கொழும்பிலா கண்டிப் பக்கத்திலா என்று இந்த நாடு ஆண்டுக்கணக்கில் விவாதித்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தரானார். 1955 வரை அவரே பதவியில் இருந்தார். பேராதனைக்கு இடம்பெயர்ந்தது 1952இல், முறையான திறப்பு விழா 1954இல். போர்க்காலத்துத் தட்டுப்பாடுகளுக்கிடையே வரையப்பட்ட ஒரு திட்டத்தை, அதை வரைந்தவரே நிறைவேற்றி, அதன் குறைகளையும் தம் காலத்திலேயே கண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய மூன்றாண்டுப் பதவிக்காலம் அப்போது இருந்திருந்தால் பேராதனை எத்தனை உபவேந்தர்களின் கைமாறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதற்காகப் பதின்மூன்று ஆண்டுகள் ஒருவரே ஆளவேண்டும் என்று வாதிட மாட்டேன். நீண்ட பதவி நல்லவர் கையில் கிடைத்தால்தான் பேராதனை. மற்றவர் கையில் அது வேறு கதை.

யாழ்ப்பாணம் எனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். 1974இல் வளாகமாகத் தொடங்கியபோது கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதல் உபவேந்தர். அவருக்குப் பின் 1988 முதல் 1994 வரை பதவியில் இருந்த அழகையா துரைராசா மண் பொறியியலில் உலகம் அறிந்தவர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோவுடனும் ஸ்கோஃபீல்டுடனும் சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அப்படிப்பட்டவரின் தலைமைக்காலம் மின்சாரமும் எரிபொருளும் போக்குவரத்தும் இல்லாத போர்க்காலமாக வாய்த்தது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாத ஊரில் விரிவுரையும் பரீட்சையும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே பெரும் தீர்மானமாக இருந்திருக்கும். அந்தக் காலத்திலேயே, 1990இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது என்பதையும் கவனிக்கவேண்டும். குடாநாட்டுக்கு வெளியே, வயலும் குளமும் உள்ள இடத்தில் அந்தப் பீடம் இருக்கவேண்டும் என்பது எந்தச் சுட்டியும் கேட்காத ஒரு தெரிவு. போர் அதை அங்கிருந்து பெயர்த்தது; போருக்குப் பின் அது மீண்டும் கிளிநொச்சிக்கே போனது. ஒருவர் பதவியை விட்டும் உலகை விட்டும் போனபின் தெரிவு மட்டும் உயிரோடிருந்தால், அதை மூலோபாயம் என்று ஒத்துக்கொள்ள நான் தயார்.

ஜூன் 17, செவ்வாய்

நகர விடுதி ஒன்றில் ஒருநாள் செயலமர்வு. வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு பெரிய தாள்கள், நான்கு நிறப் பேனைகள். வலிமையில் ‘அர்ப்பணிப்புள்ள கல்விசார் ஊழியர்’ என்றும் பலவீனத்தில் ‘கல்விசார் ஊழியரின் அர்ப்பணிப்பின்மை’ என்றும் வெவ்வேறு குழுக்கள் எழுதியிருந்தன. இரண்டும் அறிக்கையில் இடம்பெறும் என்று ஒருங்கிணைப்பாளர் உறுதியளித்தார்.

பிற்பகலில் பேரவையின் வெளி உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கியாளர், அதுவரை வாய் திறக்காதவர், இந்தத் திட்டத்தில் நீங்கள் புதிதாகச் செய்யப்போகும் அறுபது வேலைகளைப் பார்த்தேன், செய்யாமல் விடப்போவது எவை என்று காட்டுங்கள் என்றார். மண்டபத்தில் எவரிடமும் விடை இல்லை. வெளியார் பெரும்பான்மையாக இருக்கும் பேரவையைப் பற்றி நானும் குறைசொன்னவன்தான். இந்தக் கேள்வி எம்மவரிடமிருந்து வந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு துறை இன்னொரு துறையின் பாடத்தை நிறுத்தச் சொல்வதில்லை. நாளை தன் பாடத்துக்கும் அந்தக் கதி வரலாம்.

அதன்பின் நான் ஒரு முன்மொழிவை வைத்தேன். அறிமுகப் புள்ளிவிபரவியலை எமது மூன்று பீடங்கள் தனித்தனியாக, வருகைதரு விரிவுரையாளருக்குத் தனித்தனியாகக் கொடுப்பனவு செலுத்தி, ஒரே பாடத்திட்டத்துக்கு மிக நெருங்கிய மூன்று பாடத்திட்டங்களோடு நடத்துகின்றன. அதை ஒன்றாக்கினால் மிஞ்சும் விரிவுரையாளர் நேரத்தை, முதலாம் ஆண்டில் ஆங்கிலமொழி மூலத்துக்கு மாறித் திணறும் மாணவருக்கான சிறு குழு வகுப்புகளுக்குக் கொடுக்கலாம். திறைசேரியின் அனுமதியோ ஆணைக்குழுவின் சுற்றறிக்கையோ இதற்கு வேண்டியதில்லை. மறுப்புகள் உடனே வந்தன: கலைப் பீடத்தில் அதே பாடம் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கிறது, நேரசூசிகள் பொருந்தா, பரீட்சைத் தாளை யார் தயாரிப்பது, வேலைப்பளுக் கணக்கில் மணித்தியாலம் குறைந்தால் பதவியுயர்வில் என்ன ஆகும். முதலாவதும் கடைசியும் நியாயமானவை. தமிழ்மூல மாணவரின் வகுப்பைச் சிக்கனத்தின் பெயரில் கரைத்துவிடக்கூடாது என்று நானே சொல்லி, அந்தப் பிரிவை முன்மொழிவிலிருந்து விலக்கினேன்.

ஜூன் 19, வியாழன்

பிரதிப் பதிவாளர் மேடம் தேநீர் வேளையில் நினைவூட்டினார்: ‘இணையவழிக் கற்பித்தலை விரிவாக்கல்’ பழைய திட்டத்தில் ஆண்டுதோறும் நகர்த்தப்பட்ட ஒரு வரி. 2020இல் பெருந்தொற்று வந்தபோது சில வாரங்களுக்குள் அது நடந்துவிட்டது. லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு முன்பே இருந்ததாலும், அதனூடாக மாணவர் தரவுக் கட்டணமின்றி சூம் வகுப்பில் சேர வழி செய்யப்பட்டதாலும் அது முடிந்தது. திட்டத்தில் எழுதிய வரியைவிட, எவரும் பாராட்டாமல் காலங்காலமாக வலையமைப்பைப் பராமரித்த பொறியியலாளரே அன்று கைகொடுத்தார்கள். செய்துகொண்டு போகும்போதே உருவாகும் மூலோபாயத்தைப் பற்றி முகாமைத்துவ அறிஞர் மின்ட்ஸ்பேர்க் எழுதியிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்றைய விவாதம் பொறுப்பாளர் பற்றியது. ஒவ்வோர் இலக்குக்கும் எதிரே ‘உபவேந்தர்’ என்று எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒருவர் பொறுப்பென்றால் எதற்கும் எவரும் பொறுப்பில்லை. அவரும் மூன்றாண்டில் மாறுபவர். பீடாதிபதியைப் பீடச் சபை தெரிவுசெய்கிறது, அவருக்கும் மூன்று ஆண்டு. துறைத்தலைவருக்கும் அதே மூன்று. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று, தன்னை எழுதிய தலைமை முழுவதும் மாறிய பின்னும் இரண்டு ஆண்டுகள் தனியே நடக்கவேண்டியிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் அதைத் தாங்குவோர் சிரேஷ்ட உதவிப் பதிவாளர்கள், கணக்காளர், ஆய்வுகூட அலுவலர், பரீட்சைக் கிளையின் எழுதுநர்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம் இரு மாதங்களுக்கு மேல் நீடித்தபோது, உபவேந்தர் முதல் விரிவுரையாளர் வரை அனைவரும் பணியில் இருந்தும் பல்கலைக்கழகங்கள் முடங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் வரைவுக் குழுவில் அவர்கள் சார்பாக எவரும் இல்லை. பிரதிப் பதிவாளர் கூட்டக் குறிப்பு எழுதவே அழைக்கப்பட்டிருந்தார். அவரையும் உறுப்பினராக்கவேண்டும் என்று கேட்டேன்; தலைவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்.

அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களை ஆராய்ந்த கோகனும் மார்ச்சும் 1974இலேயே பல்கலைக்கழகத்தை ஒழுங்கமைந்த அராஜகம் என்றார்கள்: நோக்கங்கள் தெளிவற்றவை, செய்முறை எவருக்கும் முழுமையாக விளங்காதது, முடிவெடுக்க வருவோர் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுவோர். அத்தகைய இடத்தில் தலைவருக்கு அவர்கள் சொன்ன அறிவுரைகளில் சில மிகச் சாதாரணமானவை: நேரத்தைச் செலவழி, தோற்ற விடயத்தை மறுபடியும் கொண்டுவா, எதிர்ப்பவரையும் வேலைக்குள் இழு. கவர்ச்சியான தலைமைத்துவம் பற்றிய பயிற்சிப் பட்டறைகளைவிட இந்த மூன்றும் கல்வி விடயங்களுக்கான எமது உயர்சபையாகிய மூதவைக்குப் பொருந்தும்.

மானியங்கள் ஆணைக்குழுவின் நிறுவன மீளாய்வுக் கைநூலில் ஆளுகையும் முகாமைத்துவமுமே முதல் அளவுகோல். மீளாய்வாளர் சான்று கேட்பார்கள் என்ற பயத்தில் நாம் கோப்புகளைப் பெருக்குகிறோம். பொறுப்பைப் பதவியின் பெயரில் எழுதி, பதவி கைமாறும் நாளில் கையளிப்புக் குறிப்பு ஒன்றைக் கட்டாயமாக்கினால் ஒரே தாளில் சான்றும் தொடர்ச்சியும் கிடைக்கும். இதற்கு எதிர்ப்பு வரவில்லை, ஒருவேளை செலவில்லாததால்.

ஜூலை 4, வெள்ளி

வரைவு மூதவைக்குப் போனது. அறுபது வேலைகள் நாற்பத்தொன்றாகக் குறைந்திருக்கின்றன. ‘உலகத்தரம்’ தப்பிப் பிழைத்துவிட்டது. மூன்றாம் ஆண்டின் முடிவில் திட்டம் முழுவதையும் திறந்து மீளாய்வு செய்யவேண்டும் என்ற பிரிவு ஏற்கப்பட்டது. அப்போது யார் உபவேந்தராக இருந்தாலும் அது நடக்கும்.

நிறுத்தப்படுபவை என்ற தலைப்பின்கீழ் ஒன்றே ஒன்று மிஞ்சியது, புள்ளிவிபரவியல். அதையும் மூதவை நேராக ஏற்கவில்லை. பாடத்திட்டக் குழுவின் உபகுழு ஒன்று ஆராய்ந்து செப்டெம்பரில் அறிக்கை தரவேண்டும் என்று தீர்மானித்தது. மிகக் கடுமையாக எதிர்த்த பேராசிரியரை உபகுழுவில் சேர்க்கும்படி நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, வேலைப்பளுக் கணக்கைத் திருத்தாமல் தான் கையெழுத்திடப் போவதில்லை என்றும் அங்கேயே சொன்னார். அந்தத் திருத்தம் இல்லாமல் நானும் கையெழுத்திடமாட்டேன்.

உபகுழுவின் ஒருங்கிணைப்பாளர் எமது துறைத்தலைவர் என்று தீர்மானத்தில் பதிவாகியிருக்கிறது, பதவியின் பெயரில், ஆளின் பெயரில் அல்ல. எனது மூன்றாண்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில் முடிகிறது. பின்வருபவர் யார் என்று இன்னும் பேரவை அறிவிக்கவில்லை. இன்று மாலை கையளிப்புக் குறிப்பை எழுதத் தொடங்கினேன்: மூன்று பாடத்திட்டங்களின் ஒப்பீட்டு அட்டவணை, கடந்த இரண்டு ஆண்டுகளின் வருகைதரு விரிவுரையாளர் கொடுப்பனவு, கலைப் பீடத்தின் தமிழ்மூல வகுப்பைத் தொடக்கூடாது என்பதற்கான காரணம், பேராசிரியரின் நிபந்தனை.