கந்தோரும் கறுவாப்பட்டையும்

நெதர்லாந்தின் மிடில்பேர்க் நகரில் எனக்கு அது முதல் குளிர்காலம். மொழி வகுப்பில் ஆசிரியை மேசை இழுப்பறையைத் தொட்டுக் காட்டி "லாட்சே" என்றார். எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. இலங்கையில், மட்டக்களப்புப் புளியந்தீவு வீட்டில் அம்மா சில்லறைக் காசு போட்டு வைப்பது லாச்சியில்தான். அப்புறம் அலுவலகத்துக்கு "கன்டோர்" என்றார். அப்பப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போன கந்தோர்! அவரைக்காய் மாதிரியான காய்க்கு "போன்ட்சே" என்றதும் போஞ்சிக்கறி வாசமே வந்துவிட்டது. வாய் திறக்கவே பயந்து கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவள், அன்றைக்குத்தான் நிமிர்ந்தேன்.

இரவு அம்மாவுக்குச் சொன்னேன். "அது எங்கட சொல்தானே மனே, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஃபீரே என்ற சின்னத் துறை இருக்கிறது. 1601இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற டச்சுக் கப்பல் தலைவன் அங்கிருந்துதான் புறப்பட்டான். செம்மறி, கடா, குட்டி என்று அவனுடைய மூன்று கப்பல்களுக்கும் ஆட்டுப் பெயர். அடுத்த ஆண்டு மே மாதம் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, அங்கிருந்து கண்டிக்கு ஏறிப்போய் மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டான். வந்தவனுக்குக் கறுவாவும் மிளகும் வேண்டும். மன்னனுக்குப் போர்த்துக்கேயரை விரட்டக் கப்பல் வேண்டும். ஆளுக்கொரு தேவை, சரி. ஆனால் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்துக் கொடுக்க வந்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், திரும்பிப் போகவில்லை. கண்டியோடு செய்த 1766 உடன்படிக்கையோடு கரை முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. மலைக்குள் இருந்த கண்டி, உப்புக்குக்கூட அவர்களைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. நம்பியிருப்பது இருபக்கமும்தான், ஆனால் தராசு ஒருபக்கம் சாய்ந்தே கிடந்தது. கறுவா உரித்தவர்களின் முதுகில்தான் அந்தப் பாரம் இறங்கியது. இதைச் சொல்லாமல் பட்டையின் வாசத்தை மட்டும் பேச எனக்கு மனம் வராது.

இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்களத்தில் ஒரு சொலவடை. போர்த்துக்கேயருக்குப் பதில் ஒல்லாந்தர் வந்ததைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. கச்சான் என்கிற நிலக்கடலையும் மரமுந்திரியும் அப்படித்தான். மிளகாய் வருமுன் எங்கள் மீன்கறிக்கு மிளகுதான் உறைப்பு. அதை இன்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி, சிந்தர்கிளாஸ் திருநாள். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு தட்டில் ஸ்பெகுலாஸ் பிஸ்கட் கொண்டுவந்தார். கடித்தேன். கறுவா, கராம்பு, சாதிக்காய். எங்கள் ஊர் டச்பாரில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குக் கேக் வேகும்போது தெருவரை வருமே, கண்ணை மூடினால் அதே வாசம்.

"இது எங்கள் பாட்டி காலத்துப் பலகாரம்" என்றார் பெருமையாக.

உள்ளே போய் அம்மா அனுப்பிய டின்னை எடுத்துவந்து திறந்தேன். சுருட்டுப்போல நீளமாய்ச் சுருண்ட பட்டை. ஒன்றை எடுத்து முகர்ந்தார், ஓரத்தை ஒடித்து நாக்கில் வைத்தார். கடையில் தூளாகத்தான் வாங்குவாராம். எங்கே விளைகிறது என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் விரலை வைத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவர் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது நாலு பட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.